மூன்றடித் தொட்டியில் யாருக்கு இடம் உண்டு?

கேள்வி: அம்பத்தூரில் வசிக்கிறேன். பத்து வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். இப்போது முதல்முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். செயற்கைப் பாறை, மணல், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் இரண்டு, எல்.இ.டி. விளக்கு எல்லாம் ஓட ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம். நான் நினைத்திருக்கும் மீன்கள்: க்ளவுன் ஜோடி, ப்ளூ டேங் ஒன்று, யெல்லோ டேங் ஒன்று, நீல டாம்சல் நான்கு, மாண்டரின் ஜோடி, பைகலர் ஏஞ்சல் ஒன்று. க்ளவுனுக்காக ஓர் அனிமோன் (கடல் சாமந்தி). பவளத்தில் ஹாமர், டார்ச், முடிந்தால் அக்ரோபோரா. ராமேஸ்வரத்தில் இருக்கும் மைத்துனர் உயிர்ப்பாறையும் பவளமும் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். ஒன்பது வயது மகள் க்ளவுனும் ப்ளூ டேங்கும் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள். எவை ஒத்துப்போகும்? எதை முதலில் விடலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாக ராமேஸ்வரத்துக்குப் போன் போட்டு, எதையும் எடுக்க வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள். அவர் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மாட்டிக்கொண்டால் அவருக்கும் சிறை, உங்களுக்கும் சிறை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதற்குள்ளிருந்து எதை எடுத்தாலும் குற்றம். அதோடு, பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும், கடல்விசிறி, கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் செத்த கல்லாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். தண்டனை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை சிறை. "உயிர்ப்பாறை" என்று அவர் சொல்வதும் பெரும்பாலும் பழைய பவளக்கல்தான். கடல்குதிரை, கடல் அட்டை, ராட்சதச் சிப்பி ஆகியவற்றுக்கும் அதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மணலைச் சுத்தம் செய்யும் என்று யாராவது கடல் அட்டையை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2010-லும் 2016-லும் கோடைச் சூட்டில் அங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. மீண்டு எழப் பாடுபட்டுக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து ஒரு கொம்பை உடைத்து வந்து அம்பத்தூரில் வைக்க எனக்கு மனம் வராது. உங்களுக்கும் வராது என்று நம்புகிறேன்.

இதே காரணத்தால் ஹாமர், டார்ச், அக்ரோபோரா மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றும் கல்பவளங்கள். வெளிநாட்டில் வளர்த்தது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஒரு துண்டைப் பார்த்து அது எந்தக் கடலில் முளைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டமோ இனத்தின் பெயரைத்தான் பார்க்கிறது. அதனால் என்னிடம் கேட்பவர்கள் யாருக்கும் இங்கே கல்பவளம் வைக்கச் சொல்வதில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஐந்து வாரத் தொட்டியில் அக்ரோபோரா பிழைக்காது. அதற்கு அல்கலினிட்டி (காரத்தன்மை), கால்சியம், வெப்பம், ஒளி எல்லாம் மாதக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். புதுத் தொட்டியில் எதுவும் அப்படி நிற்காது.

இதில் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் எங்கே கேட்டாலும் ஆரம்பக்காரர்களுக்குச் சொல்லும் பவளங்கள் மஷ்ரூம், ஸோவாந்திட், லெதர் என்பவைதான். மூன்றுக்கும் கல் எலும்புக்கூடு கிடையாது, மூன்றும் அந்த அட்டவணையில் இல்லை. கடலில் பிடுங்கியதை வாங்காமல், ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவர்கள் வெட்டித் தரும் ஃப்ராக் துண்டாக வாங்குங்கள். கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் விசாரித்தாலே அப்படி வளர்ப்பவர்களைத் தெரியவரும். பில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். கடையில் எல்லா மீனும் இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். பணம் கொடுப்பது அந்தக் குட்டிக்கு. வீட்டில் நீந்தப்போவது அது வளர்ந்து ஆகிற மீன். உங்கள் தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி 190 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் உண்மையில் நிற்பது 150 லிட்டர் தண்ணீர். இதில் ஐந்து அல்லது ஆறு சிறிய மீன்கள் நிம்மதியாக இருக்கலாம். நீங்கள் கேட்டிருப்பது பதினொன்று. அதில் இரண்டு ஆறடித் தொட்டிக்கு உரியவை.

ப்ளூ டேங்கைப் பற்றி உங்கள் மகளுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வளர்ந்தால் ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம், 30 சென்டிமீட்டர் வரை போகும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன் அது. பல வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நான்கடித் தொட்டியில் நானே ஒன்றை விட்டேன். விரல் நீளக் குட்டி. "வளர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஒரு வருடத்தில் உள்ளங்கை அளவு ஆனது. கண்ணாடியை ஒட்டியே இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நீந்திக்கொண்டிருந்தது. அப்புறம் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பத்து நாளில் அதுவும் போனது, அதனிடமிருந்து தொற்றி மற்ற நான்கு மீன்களும் போயின. அன்று முதல் ஆறடிக்குக் குறைந்த தொட்டிக்கு நான் டேங் வைப்பதில்லை. யெல்லோ டேங் 20 சென்டிமீட்டர்தான், ஆனால் ஓட்டம் அதே ஓட்டம். ஆகவே அதுவும் வேண்டாம்.

அந்த வெள்ளைப் புள்ளியை நன்னீரில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கடல்நீரில் வருவது வேறு கிருமி. சூட்டை 30-க்கு ஏற்றினால் போய்விடும் என்ற நன்னீர் வைத்தியம் இங்கே எடுபடாது. அதைக் கொல்லும் தாமிர மருந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் சேர்த்துக் கொல்லும். கிருமி தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், மீன்களையெல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுத்துவிட்டு, பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனே இல்லாமல் காலியாக ஓட்ட வேண்டும். அதற்குப் பதில் ஒரு 40 லிட்டர்த் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள் வாங்குங்கள். புது மீன் எதுவானாலும் அதில் நான்கு முதல் ஆறு வாரம் இருந்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்குப் போக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பல கடைகளில் மீன் தொட்டிகளில் உப்பைக் குறைத்து, 1.018 அல்லது 1.020 அடர்த்தியில் ஓட்டுகிறார்கள். உங்கள் தொட்டியில் இருக்க வேண்டியது 1.025. அந்த வித்தியாசத்தை அரை மணி நேரச் சொட்டு நீரில் கடக்க வைப்பது மீனுக்குப் பெரிய சோதனை. சின்னத் தொட்டியைக் கடை அளவிலேயே ஆரம்பித்து நான்கைந்து நாளில் மெல்ல ஏற்றலாம்.

நீல டாம்சல் நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நியான் டெட்ராவைக் கூட்டமாக விட்டுப் பழகிய கை அது. பவளப்பாரில் ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு. டாம்சல் அதில் மிகவும் முறைப்பான சொந்தக்காரன். நான்கு விட்டால் மூன்றடித் தொட்டியில் சில மாதத்தில் ஒன்றுதான் மிஞ்சும். மிஞ்சிய அந்த ஒன்று அதன்பின் வரும் எந்த மீனையும் இருக்க விடாது. "சைக்கிள் ஆகட்டும் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகட்டும்), இரண்டு டாம்சல் போட்டு வையுங்கள்" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். பின்னால் அதைப் பிடிக்க மொத்தப் பாறையையும் வெளியே எடுக்க வேண்டி வரும்.

பைகலர் ஏஞ்சல் பவளத்தைக் கொத்தும். எல்லாம் கொத்தாது, சில மட்டும் கொத்தும் என்பார்கள். எது கொத்தும் என்று முன்கூட்டித் தெரியாதபோது ஏன் வாங்க வேண்டும்? மாண்டரின் அழகுக்கு ஈடு கிடையாது, ஆனால் அது பாறை இடுக்கில் ஊரும் கோபிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்றே வாழ்கிறது. ஐந்து வாரப் பாறையில் அந்தப் பூச்சி இருக்காது. வயிறு ஒட்டி, ஒரு மாதம் இரண்டு மாதம் என்று மெதுவாகச் சாகும். பார்க்கச் சகிக்காது. ஒன்றரை வருடம் கழித்து, இரவில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடினால், அப்போதும் ஹேட்சரியில் (குஞ்சு பொரிப்பகத்தில்) பிறந்து உருண்டைத் தீனி தின்னப் பழகிய ஒன்றை மட்டும் யோசிக்கலாம். ஜோடி கூடாது.

இனி யாருக்கு இடம் உண்டு என்று பார்ப்போம்.

க்ளவுன் ஜோடி, கண்டிப்பாக. அதிலும் ஓசெல்லாரிஸ் இனம், கடையில் நீமோ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்களே, அது. மெரூன், டொமேட்டோ இரண்டும் சண்டைக்கார இனங்கள். நம் கடலில் கிடைக்கும் சேபா இனம் உங்கள் தொட்டிக்குப் பெரிதாகிவிடும். க்ளவுன் மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர ஆரம்பிக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்த பெரியது அதற்கு ஜோடி ஆகும். பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். ஆகவே ஆண், பெண் என்று தேடி அலைய வேண்டாம். ஒரே தொட்டியில் வளர்ந்த இரண்டு குட்டிகளை, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பார்த்து எடுங்கள், மற்றதை அவையே முடிவு செய்துகொள்ளும். ஹேட்சரியில் பிறந்ததா என்று கேளுங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபத்திலும் கேரளத்தில் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குட்டி உருண்டைத் தீனியைத் தயங்காமல் தின்னும், கடல் நோய்களைச் சுமந்து வரும் வாய்ப்பும் குறைவு.

க்ளவுனுக்கு அனிமோன் கட்டாயமில்லை. கடலில் அது க்ளவுனுக்குக் கோட்டை. உங்கள் தொட்டியில் க்ளவுனைத் தின்ன யாரும் இல்லையே. புதுத் தொட்டியில் அனிமோன் இடம் பிடிக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் இரவு வேவ்மேக்கருக்குள் மாட்டி அரைபட்டால் காலையில் தொட்டி முழுதும் பால்போலக் கலங்கி, எல்லா உயிரும் ஆபத்தில் இருக்கும். போகும் வழியில் பவளங்களையும் சுட்டுவிட்டுப் போகும். ஒரு வருடமாவது போகட்டும். அதற்குள் பெரும்பாலும் உங்கள் க்ளவுன்கள் லெதர் பவளத்தையே வீடாக்கிக்கொண்டிருக்கும். நான் பராமரிக்கும் தொட்டிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நான் மிகவும் விரும்பும் கூட்டாளிகள்: மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் பிஸ்டல் இறாலும். இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. அது மணலில் வளை தோண்டிக்கொண்டே இருக்கும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போது ஒரு மீசையை எப்போதும் கோபியின் மேல் வைத்திருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு துடி துடிக்கும், இரண்டும் உள்ளே. உங்கள் மகள் இதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள், நீங்களே பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. பாறைகள் மணல்மேல் நிற்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேராக நிற்கின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். மணல்மேல் நின்றால் இறால் அடியில் தோண்டிச் சாய்த்துவிடும்.

பங்காய் கார்டினல் ஒன்று. இந்தோனேசியாவில் பங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழும் மீன். அலங்கார மீன் வியாபாரத்துக்காக அதிகமாகப் பிடித்ததால் அழிவின் விளிம்புக்கு வந்தது, ஆகவே தொட்டியில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும். இரண்டு ஆண்கள் சேர்ந்தால் சண்டை, அதனால் ஒன்று போதும். அதோடு வால்புள்ளி ப்ளென்னி ஒன்று. விரல் அளவுகூட இருக்காது, பாறைத் துளையிலிருந்து தலையை மட்டும் நீட்டி நம்மையே பார்க்கும், பாசியைச் சுரண்டித் தின்னும்.

மகளின் நீல மீன்? மஞ்சள்வால் டாம்சல் ஒன்று, ஒன்றே ஒன்று. ப்ளூ டேங்கைப் போலவே நீல உடம்பு, மஞ்சள் வால். வளர்ந்தாலும் 7 சென்டிமீட்டர்தான். டாம்சல் குடும்பத்தில் சாதுவான இனம். கடைசி மீனாகத்தான் இது வர வேண்டும்.

ஆக மொத்தம் ஆறு மீன். விடும் வரிசை முக்கியம், முதலில் வருபவன் இடத்தைத் தனதாக்கிக்கொள்வான். அதனால் சாதுக்கள் முதலில், முறைப்பானவர்கள் கடைசியில். கோபியும் இறாலும், பிறகு கார்டினல், பிறகு ப்ளென்னி, க்ளவுன் ஜோடி, முடிவில் டாம்சல். ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது மூன்று நான்கு வாரம். தனித்தொட்டி வாசத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் கடைசி மீன் வர எட்டு மாதமாவது ஆகும். மகளால் அவ்வளவு நாள் க்ளவுனுக்குக் காத்திருக்க முடியாது என்றால், ஹேட்சரிக் குட்டிகளாக, ஓர் அங்குலத்தில் இருக்கும்போதே அவற்றைக் கோபிக்கு அடுத்ததாக விடலாம். சரியான வரிசை இல்லைதான், ஆனாலும் ஓசெல்லாரிஸ் அந்த அளவுக்குப் பொறுத்துப்போகும். டாம்சலை மட்டும் முன்னால் கொண்டுவர வேண்டாம். அப்புறம், தொட்டிக்கு மேலே கொசுவலை போன்ற மெல்லிய வலைமூடி ஒன்று போட்டுவிடுங்கள். கோபி பயந்தால் துள்ளும், காலையில் தரையில் கிடக்கும்.

உண்மையில், மீனுக்கு முன்பே பவளம் வரலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்பது பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். இனி பழுப்புப் பாசி படியும், பிறகு பச்சை முடிப்பாசி வரும். மூன்று நான்கு மாதம் தொட்டி அசிங்கமாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். சில நத்தைகளை விடுங்கள், பொறுத்திருங்கள். எட்டாவது வாரம் போல் இரண்டு மஷ்ரூம் துண்டுகளை மணலை ஒட்டி, ஒளியும் நீரோட்டமும் குறைவான மூலையில் வையுங்கள். ஒட்டாமல் மிதந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் கல்துண்டுகளோடு போட்டு மேலே வலை கட்டுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். யானைக்காது என்று விற்கும் பெரிய இனத்தை மட்டும் தவிருங்கள், அது சுருண்டு மீனையே விழுங்கக்கூடியது.

மஷ்ரூம் ஒரு மாதம் விரிந்து நின்றால் அடுத்தது டோட்ஸ்டூல் லெதர், தொட்டியின் நடு உயரத்தில். இது ஒருநாள் திடீரென்று மூடிக்கொள்ளும், மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும், நான்கைந்து நாள் செத்ததுபோல நிற்கும். தோலுரிக்கிறது, அவ்வளவுதான். கை வைக்காதீர்கள், வேவ்மேக்கரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிட்டால் படலம் அடித்துக்கொண்டு போகும். லெதர் தன்னைச் சுற்றி மற்றப் பவளம் வளராமலிருக்கத் தண்ணீரில் ரசாயனம் கசியவிடும். அதற்கு ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதமொருமுறை மாற்றினால் போதும். ஸீனியா என்று கை தட்டுவதுபோல விரிந்து மூடும் மென்பவளம் ஒன்றையும் காட்டுவார்கள். ஆசைப்பட்டால் மற்றதோடு ஒட்டாத தனிப்பாறையில் வையுங்கள், இல்லாவிட்டால் அறுகம்புல் மாதிரி எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஸோவாந்திட் வண்ணத்தில் எல்லோரும் மயங்குவார்கள், வளர்ப்பதும் எளிது. ஆனால் வீட்டில் குழந்தை இருப்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். இவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது, சுரண்டக் கூடாது. கையில் காயம் இருக்கும்போது தொடக் கூடாது. ஸோவா ஒட்டிய பாறையை ஒருபோதும் வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டிலுள்ள எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. மகள் தொட்டிக்குள் கை விடக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிவிடுங்கள். அந்த உறுதி இல்லையென்றால் ஸோவா வேண்டாம், மஷ்ரூமும் லெதரும் போதும்.

இந்தப் பவளங்களுக்குத் தனியாகத் தீனி தேவையில்லை. உடம்பிலேயே வாழும் நுண்பாசி ஒளியிலிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும், மீன் கழிவிலிருந்து மீதி கிடைக்கும். அதனால் நைட்ரேட்டைப் பூஜ்ஜியமாக்க முயலாதீர்கள். அது லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருக்கட்டும். விளக்கை முதலில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் மட்டும் எரியவிட்டு, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றினாலே மென்பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் அல்கலினிட்டியும் கிடைத்துவிடும். பாட்டில் பாட்டிலாக எதையும் ஊற்ற வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பைக் கலக்கிறீர்கள் என்றால், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள், 50-க்கு மேல்கூடக் காட்டலாம். சுவைக்காகத் தாது சேர்க்கும் மெஷின் என்றால் இன்னும் அதிகம். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மீதி உப்பையும் நீக்கும் ஒரு டி.ஐ. கேட்ரிட்ஜ் மாட்டி மீட்டர் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். அந்தப் பச்சை முடிப்பாசி மாதக்கணக்கில் போகாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் தண்ணீர்தான். தினமும் ஆவியாகிக் குறைவதற்கு உப்புக் கலக்காத இதே தண்ணீரை ஊற்றுங்கள், உப்புத்தண்ணீரை ஊற்ற வேண்டாம். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே இருக்கும்.

மின்வெட்டுக்கு ஒரு வேவ்மேக்கரை மட்டுமாவது இன்வர்ட்டரில் கொடுத்துவிடுங்கள். ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் குறையும்.

எனக்கு உங்கள் தொட்டியைப் பற்றி இருக்கும் ஒரே பெரிய கவலை சூடுதான். 25 முதல் 27 டிகிரி வேண்டும். கோடையில் மன்னார் வளைகுடாவில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றபோதுதான் பவளங்கள் வெளுத்தன. சென்னை வீட்டில் மே மாதப் பிற்பகலில், மோட்டார் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்தால், தொட்டி அதைச் சாதாரணமாகத் தாண்டும். மேலே ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும், ஆனால் காற்றில் ஈரம் அதிகமான நாளில் அதுவும் இறங்காது. இங்கே சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் பவளம் வளர்ப்பது கஷ்டம். ஆனால் என்ன அளவு சில்லர் என்பதை ஊகத்தில் சொல்ல விரும்பவில்லை. இன்று முதல் இரண்டு வாரம் காலை 6 மணி, பிற்பகல் 3 மணி, இரவு 10 மணி, இந்த மூன்று நேரமும் தொட்டியின் வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த வேலையை உங்கள் மகளிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த அளவு சில்லர் என்று சொல்கிறேன்.